நேற்று என்பதைத் துடை

‘ஐ ஹாவ் லொஸ்ட் மை பென் யெஸ்டர்டே.’ பேத்தியின் தாளில் ஆறாவது வாக்கியம். எல்லாம் ஒழுங்காக மாற்றியவள் கடைசிச் சொல்லை மட்டும் அப்படியே விட்டிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு இங்கே அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மகள் வேலையால் வரும்வரை என் பொறுப்பு. பாரிசின் லாச்சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பெர்தோனே வீதிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரர் ஒரு காலத்தில் என்னோடு ஒரே அறையில் படுத்தெழும்பியவர். கடையின் பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, எங்கள் இருவருக்கும் எப்போதும் இடம் உண்டு. அவள் ஒரு மூட்டையில் இருந்துகொண்டு இன்னொரு மூட்டையை மேசையாக்கி எழுதுவாள். அன்றைக்குக் கறிவேப்பிலைப் பெட்டி வந்திறங்கிய நேரம். கடை முழுக்க அந்த வாசம்.

“அம்மப்பா, இது சரியா?”

பதில் சொல்வதற்கு முன்பே என் பெருவிரல் போய் ‘யெஸ்டர்டே’யின் மேல் தேய்த்தது. அச்சடித்த தாள், அழியுமா? அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். விரலை எடுத்துப் பார்த்தேன். அது என்னுடைய விரல் அல்ல, சேருடைய விரல்.

சேர் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், அந்த மொழியில் சோதனை பாஸ் பண்ணினால்தான் உத்தியோக உயர்வு என்றார்களாம். மனுசன் பென்சனை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு றயில் ஏறிவிட்டார். ஒரு மொழியைப் படிக்கமாட்டேன் என்று வந்தவர் மிச்சக் காலம் முழுக்க இன்னொரு மொழியைப் படிப்பித்தார். கிடுகால் வேய்ந்த கொட்டில், நாலு நீட்டு வாங்கு, தார் பூசிய பலகை ஒன்று. பின்னேரம் நாலரைக்கு றலிச் சைக்கிளை மாமரத்தில் சாத்துவார். மழை பெய்தால் கிடுகுக்குள்ளால் ஒழுகும் இடத்தைத் தவிர்த்து நாங்கள் நெருங்கி இருக்க, அவர் ஒழுக்குக்கு நேர்கீழே நின்றபடியே படிப்பிப்பார்.

பாஸ்ட் ரென்ஸை பிறசன்ட் பேர்ஃபெக்டாக மாற்றுவது அவருக்கு ஒரு சடங்கு மாதிரி. முதலில் வினைச்சொற்களை மூன்று மூன்றாகச் சொல்லவேண்டும். கோ, வென்ட், கோன். ஈட், ஏட், ஈட்டன். தேவாரம் மாதிரி இராகத்தோடு. பிறகு பலகையில் ஒரு வாக்கியம் எழுதுவார்: ‘ஹி கேம் யெஸ்டர்டே.’ ‘கேம்’ஐ அழித்து ‘ஹாஸ் கம்’ போடச் சொல்வார். அதை எவனும் செய்வான். எல்லோரும் விழுவது அதற்குப் பிறகுதான். ‘யெஸ்டர்டே’ பலகையிலேயே கிடக்கும். சேர் ஒன்றும் பேசாமல் வந்து வலதுகைப் பெருவிரலால் அந்தச் சொல்லை ஒரு இழுப்பு இழுப்பார். டஸ்டர் பக்கத்தில் கிடந்தாலும் விரல்தான்.

“திகதியைத் துடை. பிறகுதான் ஹாவ் வரும்.”

அதுதான் முழு விதியும். நேற்று, போன கிழமை, 1974இல், நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது... முடிந்துபோன காலத்தைக் குறித்துச் சொல்லும் எந்தச் சொல்லும் ஹாவுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது. ‘சின்ஸ்’ மட்டும் நிற்கலாம். அது திகதியில் தொடங்கி இன்றைக்கு வரை நீளுகிற கயிறு என்பார்.

எங்களுக்கு இது ஏன் ஏறவில்லை என்பது இப்போது விளங்குகிறது. தமிழில் பிழையே இல்லையே. காலையில் எழும்பி முற்றம் ஈரமாக இருப்பதைப் பார்த்தால் ‘இரவு மழை பெய்திருக்கு’ என்கிறோம். நேற்றும் இருக்கலாம், இருக்கிறதும் இருக்கலாம், சண்டை இல்லை. அதையே இங்கிலிஷில் எழுதிக் கொடுத்து, சிவப்புக் கோடு வாங்கி, என் பக்கத்து வாங்குக்காரன் எழும்பி நியாயம் கேட்டான்.

“நிலம் இப்பவும் ஈரமாத்தானே சேர் இருக்கு?”

“நிலம் ஈரம்தான். இங்கிலிஷ்காரன் நிலத்தைப் பாக்கிறான். நீ கலண்டரையும் சேத்துப் பாக்கிறாய். ரெண்டில ஒண்டைப் பார்.”

சேர் தமிழை வைத்துத்தான் இங்கிலிஷ் சொல்லித்தருவார். அந்த நாளில் பெரிய பள்ளிக்கூடங்களில் அது குற்றம். ‘மாமா வந்தவர்’ என்றால் கதை முடிந்தது, மாமா வந்து போயும் இருக்கலாம். ‘மாமா வந்திருக்கிறார்’ என்றால் அம்மா உலையில் இன்னும் அரைச் சுண்டு அரிசி போடவேண்டும். அந்த அரைச் சுண்டுதான் பேர்ஃபெக்ட். இதைவிடத் தெளிவாகச் சொன்ன இலக்கணப் புத்தகத்தை நான் இன்றுவரை காணவில்லை.

புத்தகம் என்றால் ஒன்றுதான், றென் அன்ட் மார்ட்டின். இந்தியாவிலிருந்து வந்த பிரதி, மாட்டுத்தாள் உறை போட்டது. அதைச் சேர் எங்கள் கையில் தரமாட்டார், அவரே வாசிப்பார். அந்த றென் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் என்பதையும், 1924இல் ‘போ ஜெஸ்த்’ என்ற பெயரில் பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி நாவல் எழுதிப் பேர் வாங்கியவர் என்பதையும் பாரிசுக்கு வந்து பல வருசம் கழித்துத்தான் அறிந்தேன். ஊரை விட்டு ஓடிவந்து பிரான்சிடம் பேர் பதிகிறவர்களின் கதையை எழுதிய மனுசன்தான் எங்களுக்கு ரென்ஸ் படிப்பித்திருக்கிறார்! சேருக்கு இது தெரிந்திருந்தால் ஒரு பாடத்தையே அதற்கு ஒதுக்கியிருப்பார்.

இன்னும் இரண்டு சம்பவம் மறக்கவில்லை. ஒருத்தி ‘பாரதியார் ஹாஸ் ரிட்டன் மெனி சோங்ஸ்’ என்று எழுதியிருந்தாள். சேர் கொப்பியைத் தூக்கிப் பிடித்தார். “பாரதியார் 1921இல செத்துப்போனார், பிள்ளை. இனி எழுதமாட்டார். செத்த ஆளுக்கு ஹாஸ் போடாதே. ரோட் எண்டு எழுது.” அவள் அழுதுவிட்டாள். பாரதியாருக்காகவா, கொப்பிக்காகவா என்று நாங்கள் பிறகு விவாதித்தோம்.

மற்றது எங்கள் வாங்கில். ‘ஐ ஹாவ் லொஸ்ட் மை பென்.’ மழை நியாயம் கேட்ட அதே பெடியன்தான்.

“சேர், ஹாவ் எண்டால் ‘வைச்சிருக்கிறன்’ எண்டுதானே அர்த்தம்? துலைச்சதுக்குப் பிறகு என்னத்தை வைச்சிருக்கிறது?”

கொட்டில் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. சோக்கட்டியைக் கீழே வைத்தார். “நல்ல கேள்வி. பேனை இல்லை. துலைச்சது இருக்கு. லொஸ்ட் எண்டு மட்டும் எழுதினால், பின்னேரம் கிடைச்சும் இருக்கலாம், ஆருக்குத் தெரியும்? ஹாவ் லொஸ்ட் எண்டால் இப்பவும் கை வெறுங்கை. விளங்கிச்சுதோ?”

ஓம் சேர் என்றோம். விளங்கவில்லை.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. யார் எங்கே போனார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை என்று ஆகிவிட்ட காலம். கொஞ்சப் பேர் இயக்கங்களுக்கு, கொஞ்சப் பேர் ஏஜென்சிக்காரனிடம். என்னை அப்பு காணி ஈடு வைத்து அனுப்பினார்.

பாரிசில் எட்டுப் பேருக்கு ஒரு அறை. இரவு வேலைக்காரர் எழும்ப, பகல் வேலைக்காரர் படுப்பார்கள்; பாய் ஆறியதே இல்லை. நானும் இன்றைய கடைக்காரரும் ஒரே ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினோம். லாச்சப்பல் அப்போது இப்போதைய லாச்சப்பல் அல்ல. ஃபோபூர் சென் தெனி வீதியில் எங்கள் ஆட்களின் கடைகளை விரல் விட்டு எண்ணலாம். தமிழ் முகம் பார்க்க வேண்டுமென்றால் 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போகவேண்டும். இப்போது பாஜோல் வீதியில் இருக்கிறதே, அதுதான். தேரில்லாத காலம். கும்பிடப் போனவர்களில் பாதிப் பேர் ‘கேஸ்’ பற்றிக் கதைக்கப் போனவர்கள்.

கேஸ் என்றால் அகதி மனு. ஒஃப்ப்ரா என்று 1952இலிருந்து ஒரு அலுவலகம் இருக்கிறது. நடந்ததை எல்லாம் பிரெஞ்சில் எழுதி அங்கே கொடுக்கவேண்டும். பிறகு கூப்பிட்டுக் கேட்பார்கள். எங்களுக்கு எங்கே பிரெஞ்சு? அங்கேதான் புதுச்சேரிக்காரர்கள் தெய்வம்போல வந்தார்கள். தமிழும் எங்கள் தமிழ் மாதிரி இல்லை, ஆனால் தமிழ். பிரெஞ்சோ பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. எனக்கு எழுதித்தந்தவர் ஓய்வுபெற்ற மனுசர். அவர் வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று ஞாயிறு எடுத்தது.

அவர் கேட்ட முதல் கேள்வியே திகதிதான். வீட்டைச் சோதனை போட்டது எந்தத் திகதி? தம்பியைப் பிடித்தது? விட்டது? ஊரை விட்டது? “பெய்திருக்கு, போயிருக்குங்கிற கதையெல்லாம் செல்லாது தம்பி. தேதி வேணும். தேதி இல்லன்னா பொய்யின்னு எழுதிடுவான்.” எனக்கு நாட்கள் கோயில் திருவிழாவாலும் மழையாலும்தான் ஞாபகம். நல்லூர் கொடியேறி நாலாம் நாள் என்பேன். அவர் பழைய கலண்டர் ஒன்றை எடுத்துவந்து கணக்குப் பார்ப்பார்.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். ‘ஜே கித்தே ஜாஃப்னா...’ என்று தொடங்கி, உடனேயே நாள், மாதம், வருசம். ஒரு சொல் விளங்காவிட்டாலும் அந்த ‘ஜே’ எனக்கு இடித்தது. அது என்ன என்று கேட்டேன். ஜ என்றால் நான், ஏ என்றால் ஹாவ் மாதிரி, இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஜே என்றார். அப்படியென்றால் ‘ஐ ஹாவ் லெஃப்ட்’, பக்கத்தில் திகதி! என் பெருவிரல் துடித்தது.

“ஐயா, இது பிழை. ஹாவுக்குப் பக்கத்தில திகதி வராது.”

மனுசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அதெல்லாம் இங்கிலீஷ்காரன் தொல்லை. பிரெஞ்சுக்காரன் பேச்சில நேத்தும் ஹாவ்தான், போன வருஷமும் ஹாவ்தான். ஹாவ் இல்லாத இறந்தகாலம் ஒண்ணு இருக்கு, அது கதைப் புத்தகத்துக்கு.”

பஸ்ஸே கொம்போசே என்று அதற்குப் பெயர் என்பதைப் பிறகு மாலை வகுப்பில் படித்தேன். பார்வைக்கு பிறசன்ட் பேர்ஃபெக்டின் இரட்டைப் பிள்ளை, குணத்தில் பாஸ்ட் ரென்ஸ். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘நான் இத்தனை வருசமாக இங்கே இருக்கிறேன்’ என்று சொல்ல இங்கிலிஷ்காரன் ஹாவ் கேட்பான். பிரெஞ்சுக்காரனோ எங்களைப் போலவே வெறும் நிகழ்காலத்தில் சொல்லிவிட்டுப் போவான். இங்கிலிஷ் கொஞ்சம் தெரிந்து வந்தவர்கள்தான் அந்த வகுப்பில் அதிகம் தடுமாறினோம். ஒன்றும் தெரியாமல் வந்தவர்கள் கிடுகிடுவென்று பேசினார்கள்.

ஆனால் அந்த வகுப்பில் ஒரு நாள் எனக்குச் சந்தோசம் வந்தது. போவது, வருவது, பிறப்பது, சாவது போன்ற சில வினைகளுக்குப் பிரெஞ்சில் ஹாவ் இல்லை, ‘இரு’ என்ற வினைதான். ‘ஜ சுயி வெனு’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் வந்து இருக்கிறேன்! தமிழில் ஹாவ் என்ற வினையே கிடையாது. எனக்குச் சைக்கிள் இருக்கு, பசி இருக்கு, கடன் இருக்கு. எல்லாம் தானாக இருக்கிறது, நான் வைத்திருப்பதாகச் சொல்வதே குறைவு. அதனால் எங்களுக்கு எல்லா வினையும் ‘இரு’தான்: வந்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன், துலைத்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரனிடம் அதில் கொஞ்சமாவது மிச்சமிருந்தது எனக்கு ஆறுதல்.

எனக்குப் பத்து வருசக் காட் கிடைத்தது. அந்தக் காட் 1984இல் வந்த சட்டத்தால் வந்தது. பிறகு கலியாணம், புறநகரில் வீடு, மகள். கார் து நோர் நிலையத்திலிருந்து 1994 கார்த்திகையில் லண்டனுக்கு நேர் றயில் விட்டார்கள். லாச்சப்பலில் இருந்து நடந்து போகிற தூரம்! அதோடு ஒரு புதுக் காய்ச்சல் தொடங்கியது. பிரெஞ்சுப் பாஸ்போட் எடுத்தவர்கள் பிள்ளைகளை இங்கிலிஷில் படிப்பிக்க வேண்டுமென்று குடும்பத்தோடு லண்டனுக்கு மாறினார்கள். பிரெஞ்சைத் திட்டித் திட்டிப் படித்து முடித்த கையோடு இங்கிலிஷுக்கு அலைந்தார்கள். அப்படித்தான் நானும் ரியூசன் வாத்தியார் ஆனேன். ஞாயிறு பின்னேரம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, தகப்பனும் பிள்ளையும் ஒரே வகுப்பு. என்னிடம் பலகை இல்லை, காட்போட் பெட்டியின் உள்பக்கத்தில் எழுதுவேன்.

சேர் சொன்னதையே சொன்னேன். கூடுதலாக ஒன்று சொல்லவேண்டி வந்தது, ‘கோன் ரு’வும் ‘பீன் ரு’வும். ‘லண்டனுக்குப் போயிருக்கிறார்’ என்று நாங்கள் இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறோம். இப்போது அங்கே நிற்கிறாரா, எப்போதோ போய்ப் பார்த்துவிட்டு வந்தவரா என்பது கேட்கிறவரின் கெட்டித்தனம். இங்கிலிஷில் அப்படி விடமாட்டான். பீன் என்றால் ஆள் திரும்பி வந்துவிட்டார், கோன் என்றால் ஆள் இங்கே இல்லை. என் மாணவர்களுக்கு உதாரணம் தேடவேண்டியிருக்கவில்லை. போன மாதம் இதே கதிரையில் இருந்து படித்த குடும்பத்தின் பேரைச் சொன்னால் போதும், எல்லோரும் ஒரே குரலில் ‘கோன்!’ என்பார்கள். 2020 முடிய, பிரெக்சிற்றோடு, அந்தச் சுலபமான வாசல் அடைபட்டது. அதற்கு முன்னரே என் ஞாயிறு வகுப்பில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

போர் முடிந்து ஊருக்குப் போனபோது சேர் இல்லை. கொட்டில் இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடு நிற்கிறது, மாமரம் மட்டும் மதிலுக்கு வெளியே சாய்ந்து கிடக்கிறது. மழை நியாயம் கேட்டவனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவன் கடைசிக் கட்டத்தில் வன்னியில் இருந்தவன். அம்மா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, ஒரு பையிலிருந்து படிவங்களை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் கடைசியாகக் கண்ட திகதி என்று ஒரு கட்டம். அதை நிரப்பி நிரப்பி அவருக்கு அலுத்துவிட்டது. “கொண்டு போயிருக்கிறாங்கள், தம்பி” என்றார். கொண்டு போனாங்கள் என்று சொல்லவே இல்லை. நான் இருந்த ஒரு மணித்தியாலமும் கவனித்தேன், ஒருக்காலும் சொல்லவில்லை. 2017 மாசியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரத்தில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு இருக்கத் தொடங்கியபோது, செய்திப் படங்களில் அவரைத் தேடினேன். ஒரு படத்தில் கண்டேன் என்று நினைக்கிறேன்.

“அம்மப்பா! சரியோ பிழையோ?”

“பிழை. யெஸ்டர்டேயை வெட்டு.”

வெட்டினாள். தங்கள் ரீச்சரும் அதைத்தான் சொன்னவ என்றாள். பிரெஞ்சுப் பிள்ளைகள் எல்லோரும் விடுகிற பிழையாம். வீட்டில் ‘ஜே பெர்தியு’ என்று நேற்றையும் சேர்த்துச் சொல்லிப் பழகி, அதையே இங்கிலிஷில் எழுதிவிடுகிறார்களாம். பாஸ்ட் ரென்ஸுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிரெத்தெரி’. நாங்கள் தமிழ் வழியாக விழுந்த அதே கிடங்கில் இவள் பிரெஞ்சு வழியாக விழுந்திருக்கிறாள். ஐ ஹாவ் லொஸ்ட் என்றால் கையில் என்ன இருக்கு என்று அவள் கேட்கவில்லை. அவள் மொழியில் அது கேள்வியே இல்லை.

தாளின் மறுபக்கம் வேறு விளையாட்டு. வீட்டில் ஒருவரைப் பேட்டி காணவேண்டும். ‘ஹாவ் யூ எவர்...’ என்று கேட்டு, ஆம் என்றால் அடுத்த நிரலில் எப்போது என்று பாஸ்ட் ரென்ஸில் எழுதவேண்டும். அங்கேதான் திகதிக்கு அனுமதி.

“ஹாவ் யூ எவர் பீன் ரு ஜாஃப்னா?”

நான் யோசித்தேன். பீன் என்றால் போய்த் திரும்பி வந்தவர். பிறந்து வளர்ந்த ஆளிடம் இதைக் கேட்கலாமா? நான் போய் வந்தது யாழ்ப்பாணத்துக்கா, பாரிசுக்கா? சேர் இருந்தால் கொப்பியைத் தூக்கிப் பிடித்திருப்பார்.

“யெஸ், ஐ ஹாவ் எண்டு போடவா?” அவளுக்கு அவசரம்.

“போடு.”

“எப்ப?”

“கனதரம். அதை விடு, அடுத்ததைக் கேள்.”

“ஹாவ் யூ எவர் ஈட்டன் ஃப்றொக்ஸ்?”

“நெவர்!” என்றேன், கடைக்குள் நின்ற சனத்துக்கும் கேட்கிற மாதிரி.

கறிவேப்பிலையைப் பிரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் தலையை நீட்டினார். “பிள்ளைக்குப் பொய் சொல்லாதேங்கோ அண்ணை. அந்த ரெஸ்ரோறண்டில, மிஞ்சின தட்டை வழிச்சுச் சாப்பிட்டது ஆர்? கோழிச் செட்டை எண்டு சொல்லி எனக்கும் தந்தனீங்கள். 1988 கார்த்திகை, விளக்கீட்டண்டு. நான் விரதம்!”

பேத்தி துள்ளி எழும்பினாள். பேனை ஏற்கெனவே இரண்டாவது நிரலுக்குப் போய்விட்டது.

“ஹி ஏட்,” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள், “இன் நவெம்பர், 1988.”